நாக்குக்கு ஆறு வார விடுப்பு

கரண்டி வாய்க்கு அரைச் சாண் தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்திருந்தவர் மின்விசிறித் தொழிற்சாலை கேன்டீனின் சமையல்காரர். பதினெட்டு வருஷமாக எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பருப்பில் உப்பு சரியா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வாயில் வைக்கத்தான் வழியில்லை.

ஆறு வருஷத்துக்கு முன், எடை குறைய ஆபரேஷன் செய்து அவர் வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைத்திருந்தார்கள். நாற்பது கிலோ போனது. பிறகு, கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரன் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்ததுபோல் இருபத்தைந்து கிலோ வந்து சேர்ந்தது. டாக்டர் வாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் தொளதொளவென்று விரிந்து கிடந்தது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல், குழாய் வழியாகவே உள்ளே தையல் போட்டு வாசலை இறுக்கிவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி ருசி பார்ப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

மாஸ்டர் எண்ணினார். கைவிரல் போதவில்லை. "ஒரு அறுபது இருக்குங்க. ஆனா அது சாப்பாட்டுல சேராதே."

"உங்க கணக்குல சேராது. வயித்துக் கணக்குல சேரும்."

ஆறு வாரம் டாக்டர் எழுதிக் கொடுத்த திரவங்கள் மட்டும்தான். கட்டியாக எது போனாலும் தையல் விட்டுப்போகலாம். கேன்டீன் கரண்டி பக்கமே போவதில்லை என்று, சாமி படத்துக்கு முன்னால் மனைவி சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

"நாக்குல வெச்சுட்டுத் துப்புங்களேன்" என்று யோசனை சொன்னார் ஸ்டோர்க்காரர். சாப்பாட்டைத் துப்புவது மாஸ்டருக்கு மகா பாவம். கரண்டியை அவரிடமே நீட்டினார்.

ஸ்டோர்க்காரருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைத்து எட்டு வருஷம். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் அவர் முகம் கோணியது. "இது பருப்பா, கடலா?" என்றார். மறுநாள் முதல் தினமும் உப்பு டப்பாவின் பக்கத்திலேயே நின்று, மாஸ்டர் அள்ளியதில் பாதியைத் திரும்பக் கொட்ட வைத்தார்.

பதினெட்டு வருஷக் கை அளவு பொய்யாகுமா? மாஸ்டர் வாசலிலிருந்து வாட்ச்மேனைக் கூட்டிவந்தார். அவர் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டார். இலவசமாகக் கிடைத்தால் விளக்கெண்ணெயையும் குடிக்கிற ஆள். அவர் சொல்லை எப்படி நம்புவது? இந்த வழக்கில் சாப்பாடு அரை மணி நேரம் தாமதமானதுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய குழப்பம், பாத்திரம் தேய்க்கும் அக்கா கொண்டுவந்து வைத்த அண்டா. எப்போதும் கொஞ்சம் மிஞ்சுகிற பருப்பு, வழித்து எடுத்ததுபோல் காலி. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, கடைசி வரிசைக்குச் சாப்பாடே இல்லையாமே என்று கடிந்துகொண்டார். மாஸ்டர் டோக்கனை எண்ணினார். அதே இருநூற்று முப்பது பேர்தான். மறுநாள் நாலு கிலோ பருப்பு கூடப் போட்டார். அதுவும் போன இடம் தெரியவில்லை.

மாஸ்டர் குப்பைத் தொட்டியைக் கிளறினார். சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தார். மதிலுக்குப் பின்னால் மண் புதிதாகத் தோண்டியிருக்கிறதா என்றுகூடத் தேடினார். ஒன்றும் இல்லை. கடைசியில் அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் புலப்பட்டது: உப்புக் குறைந்து வாயில் வைக்க முடியாத பருப்பை, நோயாளி மனசு நோகக் கூடாது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "ஊரார் பருப்புக்கு உங்க வயித்தை அடகு வைக்காதீங்க" என்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வாய் நல்ல சாப்பாடு போடாத கை என்ன கை?

பத்தாம் நாள், ஸ்டோர்க்காரர் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, ஒரு குத்து உப்பை அள்ளி அண்டாவுக்கு மேலே பிடித்தார். மற்றக் கையில் கரண்டி. கண்ணை மூடினார். "சாமி, சத்தியத்தை மீறுறேன், மன்னிச்சுக்கோ. தையல் பிரிஞ்சா பிரியட்டும். இனி நானே ருசி பார்த்துப் போடுறேன்" என்றார்.

உப்புக் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். பாத்திரம் தேய்க்கும் அக்கா. கையெல்லாம் சோப்பு நுரை.

"உங்க மனசு நோகுமேன்னு இத்தனை நாளா யாரும் வாயத் திறக்கல, மாஸ்டர்" என்றாள் அவள். "பதினெட்டு வருஷமா இங்க ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி கொண்டுவராங்க, ஒண்ணு குடிக்க, ஒண்ணு உங்க பருப்புல ஊத்த, இந்தப் பத்து நாளாத்தான் எல்லாரும் ஒத்தப் பாட்டிலோட வராங்க."