பன்னிரண்டு பெட்டி டீசல் பில்ரர்

சண்டிலிப்பாய்,
ஐப்பசி 6, புதன்கிழமை.

அன்புக்குரிய மைத்துனர் ஜெயசுதன் அறிவது,

இவ்விடம் நானும் உமது தமக்கையார் றஜனியும் தேகசுகத்துடன் இருக்கிறோம். வவுனியாவில் நீரும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்களென நம்புகிறேன். நீர் தந்த உழவு ரக்டர் மட்டும் சுகமில்லை. அதுபற்றியே இக்கடிதம். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டாவது வசனத்துக்கு வரமுன்னம் நீர் "ஓம் அத்தான், ஓம் அத்தான், அக்காட்டைக் குடுங்கோ" என்று சொல்லிவிடுகிறீர். கடிதத்தை அப்படி இடையில் மறிக்க முடியாது.

நான் சரியாகப் பராமரிக்கவில்லை என்று சொல்லி, வாற ஞாயிற்றுக்கிழமை நீர் நேரில் வந்து ரக்டரை எடுத்து, வட்டுக்கோட்டையிலிருக்கும் உமது தங்கை ஜெயகௌரியிடம் கொடுக்கப்போவதாக றஜனி சொன்னா. அந்தக் குற்றச்சாட்டை முற்றாக மறுக்கிறேன். முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். பழைய சாமான் கைக்கு வராமல் புதுச்சாமான் ஒன்று என்ரை மேசையைத் தாண்டினதில்லை. கூட்டித் தேய்ஞ்ச தும்புத்தடியைக் கொண்டுவந்து காட்டாமல் எங்கடை கந்தோர்ப் பெரியவருக்கே நான் புதுத் தும்புத்தடி குடுக்கேல்லை. அதே ஒழுங்கைத்தான் உம்முடைய ரக்டருக்கும் கடைப்பிடிக்கிறன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னம் ரக்டரோடை, டீசல் ஊத்தையை வடிக்கிற பில்ரர் பன்னிரண்டும் அனுப்பினீர், ஞாபகமிருக்கும். யுத்தத்திலை பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோக் கேட்ட ஆக்கள் நாங்கள், பிறகு டீசலுக்கு மூண்டு நாள் வரிசையிலை நிண்டு அங்கையே குளிக்காமல் படுத்த ஆக்கள், அதாலை ஒரு சாமான் இல்லையெண்டால் என்ன பாடெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. உம்முடைய அக்கா தன்ரை சீலையளை எடுத்துத் தந்த தட்டிலை பன்னிரண்டு பெட்டியையும் இலக்கமிட்டு அடுக்கி வைச்சிருக்கிறன். தந்தவ எண்டு மரியாதைக்கு எழுதுறன், நான்தான் எடுத்தனான். இண்டைக்குக் காலமையும் எண்ணிப் பாத்தன். பன்னிரண்டு. அஞ்சு வருஷத்திலை பதினாறு தரம் பில்ரர் மாத்தியிருக்கிறன், இருப்பிலை ஒண்டுகூடக் குறையேல்லை. இப்பிடிப் பராமரிக்கிற ஆள் வலிகாமத்திலை வேறை ஆராவது இருந்தால் தாராளமாய் அவரிட்டை ரக்டரைக் குடும்.

இனித் திங்கக்கிழமை நடந்ததை எழுதுறன், ஜெயகௌரி தன்ரை பக்கத்தை ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அருந்ததி ரீச்சரின்ரை இருபத்திநாலு பரப்பு வயலை மழைக்கு முன்னம் உழுது தாறனெண்டு வாக்குக் குடுத்திருந்தன். காலமை வெளிக்கிடமுன்னம் முன்னெச்சரிக்கையாய் ஒரு பில்ரரை மாத்திப்போட்டுத்தான் போனன். அரை மணித்தியாலம் உழுதுது, பிறகு இருமி இருமி நிண்டுது. அடுத்ததைப் பூட்டி, கைப்பம்பை அடிச்சுக் காத்தை எடுத்து, சாரமெல்லாம் டீசலாக்கி ஸ்ராட் பண்ணினால் இருபது நிமிசம். அதுக்கடுத்ததைப் பூட்டினால் பத்து நிமிசம். குடையோடை வரம்பிலை நிண்ட அருந்ததி ரீச்சர், "ஏரம்பண்ணை, உது உழுதிட்டுக் களைப்பாறுதோ, இல்லாட்டிக் களைப்பாறேக்கை இடைக்கிடை உழுகுதோ?" எண்டு கேட்டா. படிச்ச மனுசி, அப்பிடித்தான் கேப்பா.

டவுணிலையிருந்து ஹமீத் நானாவைக் கூப்பிட்டன், உமக்குத் தெரியும், உந்த மிசினை முதல் நாள் தொடக்கம் பாக்கிற மெக்கானிக். அவர் பில்ரரைக் கழட்டிக் கவிட்டார், தார் மாதிரி ஊத்திச்சுது. "ஐயா, இது எப்ப போட்டது?" "இண்டைக்குத்தான், பத்து நிமிசம் ஓடினது" எண்டன். மனுசன் என்னை ஏறஇறங்கப் பாத்தார். "புதுசு பத்து நிமிசத்துல இப்பிடிக் கறுக்காது ஐயா. இது ரெண்டு மாரி கண்டது." டீசல் ஊத்தை எண்டன். அவர் டாங்கியிலையிருந்து போத்திலிலை பிடிச்சு வெயிலுக்குக் காட்டினார், நல்ல துப்பரவாய் இருந்தது. "அப்ப உமக்குக் கண் தெரியேல்லை" எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். அவர் கழட்டுற சாவியளைத் துடைச்சு எடுத்துக்கொண்டு போயிட்டார்.

பிறகு மழை இருட்டிச்சுது. ஜெயகௌரி தன்ரை கையாலை பிடிச்சு உழுகிற சின்ன லான்மாஸ்டரோடை வந்து மிச்சத்தை உழுது முடிச்சாள். மழை விழ, உம்முடைய ரக்டர் அச்சுவரைக்கும் சேத்திலை புதைஞ்சுது. "அத்தான், பில்ரர் மாத்திப் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டாள். மூண்டு தரம் எண்டன். "அப்ப சரி" எண்டு சிரிச்சாள். அந்தச் சிரிப்பு எனக்கு இண்டைக்கும் நோகுது.

தம்பி, ஒண்டு சொல்லுறன். பென்சனிலை வந்த முதல் வருஷம் என்னை ஒரு குருவியும் தேடி வரேல்லை. ரக்டர் வந்தாப்பிறகுதான் விடியக் கேற்றடியிலை ஆக்கள் வந்து, "அண்ணை, நாளைக்கு எங்கடை பக்கம் வருவியளோ?" எண்டு கேக்கினம். ஞாயிற்றுக்கிழமை நீர் அதைக் கொண்டுபோனால் திங்கக்கிழமை காலமை எழும்பி நான் என்ன செய்யிறது? எனக்குப் பயமாயிருக்கு.

ஆகவே, பிழை என்னுடையதல்ல. முதல் நாலு வருஷமும் ஒரு பிசகில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே பழுதாகும் பில்ரரை உமது தலையில் கட்டிய கடைக்காரனை விசாரிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வந்து வயிறாரச் சாப்பிட்டு, வெறுங்கையுடன் திரும்பிப் போகவும். உமது வீட்டுக்கு ஒரு குறையும் வராமல் அம்பாள் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகளின் தலையில் கைவைத்து நான் ஆசி சொன்னதாகச் சொல்லவும்.

இங்ஙனம்,
க. ஏரம்பமூர்த்தி
(ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர்)

பி.கு.: கடைக்காரனுக்குக் காட்டச் சான்றாக ஒரு பில்ரரையும் சேர்த்து அனுப்புவமெண்டு முதலாம் இலக்கப் பெட்டியை எடுத்தன். றஜனி வாங்கிக் கவிட்டுப் பாத்தா. கறுப்பு டீசல் சீலையிலை சொட்டிச்சுது. மற்றப் பதினொண்டையும் திறந்தம். எல்லாம் பழசு. புதுசைப் பூட்டுற ஒவ்வொரு தரமும், கழட்டின பழசை வெளியாலை பளபளக்கத் துடைச்சு, அதே பெட்டியிலை வைச்சு, வரிசையின்ரை கடைசியிலை நான்தான் அடுக்கியிருக்கிறன். களஞ்சியத்திலை பழசுக்கு வேறை அறை இருந்தது. இஞ்சை ஒரு தட்டுத்தான். இந்த வருஷம் முழுக்க, ஊத்தையைக் கழட்டி ஊத்தையைப் பூட்டியிருக்கிறன்.

மேலே எழுதினதை எறிய மனம் வரேல்லை, அதாலை அப்பிடியே அனுப்புறன். கடைக்காரனை ஒண்டும் கேக்க வேண்டாம். ஹமீத் நானாவிட்டை நாளைக்கு நேரிலை போறன். நீர் இதை வாசிக்கமுன்னம் அக்கா போனெடுத்திருப்பா, சிரிப்பிலை உமக்குப் பாதி விளங்கியிராது. ஞாயிற்றுக்கிழமை வாரும். ரண்டு புதுப் பில்ரர் கொண்டுவாரும். ஜெயகௌரி பூட்டட்டும், நான் பக்கத்திலை நிக்கிறன். ரக்டர் ஆரிட்டை நிக்கிறதெண்டு அதுக்குப் பிறகு கதைப்பம். பெட்டியளை மட்டும் வவுனியாவிலையே எறிஞ்சுபோட்டு வாரும்.