முப்பத்துநாலு பவுண் ஜக்கெற்

கொட்டாஞ்சேனை,
21 நவம்பர் 2007

அன்புள்ள மச்சான் ஒஸ்வால்ட் அறிவது,

இங்கே நானும் உமது அக்கா றோஸியும் உடம்பளவில் சுகம். ரொறன்ரோவில் நீரும் மாக்ரெட்டும் பிள்ளைகளும் மூக்கடைப்பு இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம். நிற்க, முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். கப்பல் ஏஜென்சியில் பெரிய கிளாக்கர், வயது ஐம்பத்திரண்டு, இப்படிப்பட்ட நான் போன வெள்ளிக்கிழமை மட்டக்குளியில் ஒரு மீன் ஐஸ் அறைக்குள், அறுக்குளா மீன்களுக்கு நடுவே, பச்சை நிற இறகு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஐம்பது நிமிடம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். போனில் இதைச் சொல்ல முடியாது. உமது அக்கா கதவுக்குப் பின்னால் நிற்பா. அதனால்தான் கடிதம்.

நத்தார் பண்டிகைக்கு அங்கேயிருந்து வரும் பேர்ணடெற்றின் கையில் ஒரு ஜக்கெற் கொடுத்துவிடலாம், தொப்பி வைத்த தடிப்பானதா, தொப்பியில்லாத மெல்லியதா என்று கேட்டிருந்தீர். சும்மா பதில் எழுதிவிட முடியுமா? என் மானமே அதில் தொங்குகிறது. போன வருஷம் கோயில் ஆண்கள் சபையோடு ஒஹியாவில் இறங்கி, மலை உச்சிக் குளிரில் ஹோட்டன் சமவெளியில் ஓர் இரவு தங்கி, கீழே பெலிஹூலோயாவுக்கு நடக்கப் போனேன் அல்லவா? கம்பளிப் போர்வை, தலையணை, றோஸி கட்டித் தந்த இரண்டு டின் மீன், ஃபிளாஸ்க் எல்லாம் முதுகில். மற்றவர்கள் கீழே போய்ச் சேர்ந்து, குளித்து, சோறும் தின்றுவிட்டார்கள். நான் மரக்கறி லொறியில் லீக்ஸ் கட்டுகளோடு வந்து இறங்கினேன். அடுத்த ஞாயிறு பூசையில் கோயில் சுவாமியார் என் பெயரைச் சொல்லி, சுகமாகத் திரும்பியதற்கு நன்றி செலுத்தினார். அன்றைக்கே தீர்மானித்தேன், அடுத்த முறை என் சொந்தக் காலில்தான் கீழே இறங்குவது என்று.

நத்தார் கழிய மறுபடி போகிறோம், இந்த முறை ஆபீஸ் ஆட்களோடு. தலைவர் எங்கள் கணக்குப் பகுதி அலவி. ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகை படித்து, பாரமில்லாமல் வேகமாக நடப்பதில் பண்டிதனாகிவிட்டார். பல் தூரிகையின் கைப்பிடியைப் பாதியாக வெட்டச் சொல்கிற ஆள். “ஹியூபேட் அண்ணன், பை அஞ்சு கிலோ. அதில ஜக்கெற் முந்நூறு கிராம். ஒரு கிராம் கூடினாலும் ஒங்கட இடம் ஷரீபுக்கு. பொறகு மொகத்தத் தூக்கிட்டு ஈக்கப்படாது” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஷரீபுக்கு இருபத்தெட்டு வயது. மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டுகிறவன்.

வெள்ளவத்தையில் பௌஸியின் கடையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் விற்கிறார்கள். நீர் எழுதிய அந்த மெல்லிய ரகத்தில் ஒன்றே ஒன்று கிடந்தது, கரும்பச்சை. யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் கொழும்பில் எங்கள் தமிழ் ஆள் ஒருவன் ஆமிக்காரர் மாதிரிக் கரும்பச்சை உடுத்துத் திரிய முடியுமா, அதனால் வாங்கவில்லை. ஒரு நாள் இரவல் கேட்டேன். “தாறன் அண்ணன், ஆனா ஊத்தையாக்கினா நீங்கதான் எடுக்கோணும்” என்றான் பௌஸி. நேரே செட்டியார் தெருவுக்குப் போய், நகைக்கடை நாகேந்திரத்தின் தராசில் வைத்தேன். ஊரில் நம்பக்கூடிய தராசு அதுதானே. நாகேந்திரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, “முப்பத்துநாலு பவுண்” என்றார். கலியாண நகை பார்க்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “என்ன டிசைன்?” என்று கேட்டா. பவுணுக்கு எட்டுக் கிராம்படி இருநூற்று எழுபத்திரண்டு கிராம். பாரத்தில் பாஸ். றோஸி கொண்டு வந்ததே பன்னிரண்டு பவுண்தான், மச்சான். குத்திக் காட்டவில்லை, சும்மா ஞாபகம் வந்தது.

பாரம் சரி, குளிர் தாங்குமா? கொழும்பில் குளிருக்கு எங்கே போவது? அதுதான் மட்டக்குளி. ஐஸ் அறையில் வேலை செய்கிற என் சித்தப்பா மகன் பேதுரு, “இருபது நிமிசம் இருங்க, வந்து திறக்கிறன்” என்று கதவைச் சாத்தினான். லொறி வந்தது, பெட்டி ஏற்றப் போனான், என்னை மறந்தான். ஐம்பதாவது நிமிடம் கதவு திறந்தபோது நெஞ்சு அடுப்பங்கரை போலச் சூடு, இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லை. “ஐயோ அண்ணே, உயிரோட இருக்கிறீங்களா? அண்ணிக்கு என்ன சொல்றதெண்டு பயந்திட்டன்!” என்றான். குளிரிலும் பாஸ்.

திரும்பும் வழியில் செக்பொயின்ற். ஜக்கெற்றை அதன் உறைக்குள் திணித்து வைத்திருந்தேன், பேக்கரி அச்சுப்பாண் அளவு. ஆமிக்காரப் பையன் எடுத்து “மே மொகத்த?”, இது என்ன, என்று கேட்டு உறையின் வாயை அவிழ்த்தான். அவ்வளவுதான். பொசுபொசுவென்று அது தானாக வெளியே வந்து மேசை மேல் ஊதத் தொடங்கியது. அவன் இரண்டடி பின்னால் பாய்ந்தான், மற்ற இருவரும் பாய்ந்தார்கள், துணைக்கு நானும் பாய்ந்தேன். நாலு பேரும் தள்ளி நின்று, அது பெரிதாவதைப் பார்த்தோம். “தாரா பிஹாட்டு, சேர்!” வாத்திறகு என்று கத்தினேன். அவர்களில் பெரியவர் கிட்ட வந்து முகர்ந்தார். வாத்திறகில் ஏன் மீன் மணக்கிறது, ஏன் பச்சை, கொழும்பில் இதை எங்கே போட்டாய்? அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்த்திவிட்டார்கள். அரை மணித்தியாலம். மச்சான், ஐஸ் அறையெல்லாம் ஒன்றுமில்லை, உண்மையான குளிர் அந்த வாங்கில்தான் இருந்தது. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பெரியவர் குளிர் மலை ஊரான வெலிமடைக்காரராம். கையை ஜக்கெற்றின் கைக்குள் விட்டுப் பார்த்து, சூடுதான் என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டு, நான் மீனோடு உட்கார்ந்திருந்ததாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, சிரித்துச் சிரித்து அனுப்பினார்.

வீட்டு வாசலில் றோஸி. “மீன் நாத்தம் வந்திட்டுது. மீன் எங்க?” ஜக்கெற்றைத் தூக்கிக்கொண்டு நேரே கொடியடிக்குப் போனேன். மூன்று நாள் கொடியில் தொங்கவிட்டு, அவவின் பவுடரையும் கொட்டித் திருப்பிக் கொடுத்தேன். பௌஸி முகர்ந்துவிட்டு, “என்ன அண்ணன், கொழந்தய மீன் கடையில பெத்த மாதிரி மணக்குது” என்று சொல்லி, பாவம், வாங்கி வைத்தான்.

ஆகவே என் முடிவு, இதில் மாற்றமில்லை. மெல்லியது. தொப்பி வேண்டாம், முகம் தெரிய வேண்டும். பச்சை, கறுப்பு, புள்ளி போட்டது எதுவும் வேண்டாம். ஒரேஞ் நிறம், அரை மைலுக்கு அப்பாலிருந்தே ஹியூபேட் வருகிறான் என்று தெரிய வேண்டும். பொக்கெற் இரண்டு போதும், ஒவ்வொன்றையும் திறந்து காட்ட எனக்கு வயதில்லை. பேர்ணடெற் அதை உறைக்குள் திணிக்காமல் உடுத்துக்கொண்டே வரட்டும்.

உங்கள் வீட்டு ஹீற்றர் ஒருநாளும் நின்றுபோகாமலும், பிள்ளைகள் தமிழில் கோபிக்கவாவது பழகிக்கொள்ளவும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன்.

மலையிறங்கும் மச்சான்,
ஹியூபேட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அலவி கொக்கித் தராசோடு வந்துவிட்டார். ஜக்கெற்றுக்குப் பதில் முப்பத்துநாலு பவுண் அரிசியைப் பையில் வைத்துத் தூக்கிக் காட்டினேன். நாலு கிலோ தொள்ளாயிரம். என் பெயரை எழுதிக்கொண்டார், ஷரீப் அவுட்! றோஸி தேத்தண்ணி கொடுத்து, “தம்பி, அந்த மலைப் பாதை மெத்தக் கஷ்டமோ? நீங்க எத்தினை தரம் போயிருக்கிறீங்க?” என்று கேட்டா. அலவி கோப்பையை ஊதி ஊதி, “நான் கண்டிக்கு அங்கால போனதில்ல அக்கா. அதுவும் கலியாணத்துக்கு, வேனில” என்றார்.