லேசர்வேந்தனும் யூரியா மூட்டையும்

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஒருகாலத்தில் என்னிடம் இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் லேசர்வேந்தன் (ரேஷன் கார்டில் குமரேசன்). கி.பி. 2222-இல் வேற்றுக்கிரகவாசிகள் செஞ்சியைத் தாக்கும்போது கோட்டையிலிருந்து எதிர்த்து நிற்கும் சூப்பர்ஹீரோ படைக்கு நான்தான் கேப்டன்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு குறும்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் நானே. படையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். பாபுவுக்குப் பறக்கும் சக்தி, எங்களில் ஒல்லி அவன்தான் என்பதால். சலீமுக்கு மறையும் சக்தி. கேமரா பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே, அதனால் அவன் படம் முழுக்க மறைந்தே இருப்பதாகக் கதையை அமைத்திருந்தேன். என்ன மூளை எனக்கு என்று ஒரு வாரம் நானே என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

போட்டி விதியில்தான் வந்தது வினை. குழுவில் ஒரு மாணவியாவது இருக்க வேண்டுமாம். வகுப்புப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். என் கதையை முழுதாகக் கேட்கும் வரைக்கும்கூட யாரும் நிற்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தவள் தமிழரசி.

தமிழரசி பாதி வருஷத்தில் மண்டகப்பட்டுப் பக்கமிருந்து வந்து சேர்ந்தவள். யாரோடும் பேசமாட்டாள். பஸ் பாஸ் கிடையாது, சைக்கிள் கிடையாது, காலையில் கோட்டைப் பக்கமிருந்து தனியாக நடந்து வருவாள். விளையாட்டுப் பீரியடில் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடிவிட்டு மூச்சுக்கூட வாங்காமல் வந்து உட்கார்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"மச்சான், அவ மனுஷியே இல்லடா. கோட்டைக்குள்ள வூடு எங்கடா இருக்குது?" என்றான் பாபு. எனக்கும் உள்ளூர உதறல்தான், கேப்டன் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளை நேர்முகத் தேர்வு செய்தோம்.

"உன் பவர் இன்னா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள் அவள். அவ்வளவுதான். தேர்வாகிவிட்டாள்.

என் கவசத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எதிர்காலம் என்றால் பளபளவென்று வெள்ளியில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பினால் வெள்ளி! ஒரு மாதம் பெட்டிக்கடைகளின் குப்பைக்கூடைகளைக் கிளறி பாக்கெட் பொறுக்கினேன். பனியனிலும் நைனாவின் பழைய பேன்டிலும் பசை தடவி மீன் செதில் மாதிரி வரிசையாக ஒட்டினேன். (கழுவினால் பளபளப்பு போய்விடும் என்று கழுவவில்லை. மசாலா அப்படியே இருந்தது.) பாபுவுக்கும் சலீமுக்கும் ஆளுக்கொரு மார்க்கவசம். மூன்று பேரும் போட்டுக்கொண்டு நடந்தால் சரசர, சரசர என்று ஒரு கம்பீரமான ஓசை வந்தது.

இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. செஞ்சியில் பிறந்த பிள்ளைக்கு நடக்கப் பழக்கும்போதே சொல்லிவிடுவார்கள், கோட்டைக்குள் போனால் கவரைச் சரசரக்க வைக்காதே என்று. அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பாறையிலிருந்து எத்தனை குரங்கு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த நான், தலை முதல் கால் வரை சிப்ஸ் பாக்கெட்டாக மாறிக் கோட்டைக்குள் போகத் தயாரானேன்.

தமிழரசி மட்டும் எச்சரித்தாள். கவசத்தைச் சுற்றி வந்து பார்த்து, "இத போட்டுக்கினா கோட்டைக்கு வரப்போற?" என்றாள்.

"ஆமா. இன்னா அதுக்கு?"

"வேணாம்."

பொறாமை என்று நினைத்தேன். பாவம், அவளுக்குக் கவசம் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் நைனா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் குட்டியானை வண்டியில் லோடு அடிப்பவர். வாங்கி இருபது நாள்கூட ஆகாத டச் ஃபோன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அனந்தபுரத்திலிருந்து லோடுக்காக அழைப்பு வரும், எடுக்காவிட்டால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சொல்லிவிட்டா எடுத்தாய் என்று கேட்காதீர்கள்.

கோட்டைக்குள் கல்யாண மகால் என்கிற பழைய அடுக்கு மாளிகைக்கு முன்னால் இருக்கும் புல்வெளிதான் போர்க்களம். புதுச்சேரியிலிருந்து ஒரு பஸ் நிறையக் கல்லூரி மாணவிகள் சுற்றுலா வந்திருந்தார்கள். பார்வையாளர்களும் தயார் என்று எனக்கு ஏக மகிழ்ச்சி. தமிழரசி வந்தாள். யூரியா மூட்டையை வெட்டி, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். நெஞ்சில் பச்சை எழுத்தில் 'யூரியா' என்று இருந்தது. என் படத்தின் தரத்தை நினைத்து நொந்துபோனேன்.

"இன்னா இது?"

"சத்தம் வராது" என்றாள்.

அதற்குள் பதினொன்றே கால். சலீம் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். நான் இரண்டு கையையும் விரித்து, "செஞ்சியைத் தொடுபவன்..." என்று ஆரம்பித்தேன். கவசம் சரசரத்தது.

முதலில் ஒன்று வந்தது. பாறை மேலிருந்து தாவி, என் முன்னால் உட்கார்ந்து, முழங்காலில் இருந்த ஒரு பாக்கெட்டை மரியாதையாக உரித்துப் பார்த்தது. காலி. அடுத்ததை உரித்தது. அதுவும் காலி. ஏமாற்றுகிறாயா என்று என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் எத்தனை வந்தன என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்று ஓடிக்கொண்டிருந்தேன். பறக்கும் சக்தி படைத்த பாபு பறந்தேவிட்டான். சலீமின் மார்க்கவசத்தோடு கையிலிருந்த ஃபோனையும் ஒரு பெரிய கடுவன் குரங்கு பறித்துக்கொண்டு, கல்யாண மகாலின் இரண்டாவது மாடி வளைவில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

எனக்கு உயிரே இல்லை. குரங்கு பிராண்டுவது போய், நைனாவின் ஃபோன் மேலிருந்து விழுந்து சுக்குநூறாவதுதான் கண்ணுக்குள் ஓடியது.

தமிழரசி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு குரங்கும் அவள் பக்கம் போகவில்லை. "ஓடாத. நில்லு. அத்த கழட்டி அந்த மரத்தாண்ட வீசு" என்றாள்.

"எத்த?"

"கவசத்த."

கவசம் தனியாக இல்லை, பேன்டும் பனியனும்தான் கவசம் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு பஸ் கல்லூரி மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் படமும் எடுத்தார்கள். மானமா, ஃபோனா? மேலே கடுவன் ஃபோனைக் கடித்துப் பார்த்தது. கழற்றி வீசினேன். உள்ளே போட்டிருந்த கோடுபோட்ட அரை டிரவுசருடன் செஞ்சியின் எதிர்காலம் வெயிலில் நின்றது.

குரங்குக் கூட்டம் மொத்தமும் மரத்தடிக்குப் பாய்ந்தது. கடுவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் ஃபோனையும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. நைனாவின் அம்மன் பாட்டு ரிங்டோன் மகால் முழுக்க எதிரொலித்தது. கடுவன் திரையை விரலால் தடவியது, சத்தம் நின்றது. அது ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

தமிழரசி படியேறினாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. அதன் கண்ணைப் பார்க்கவே இல்லை. ஒரு கை தூரத்தில் பக்கவாட்டாகப் போய் உட்கார்ந்து, தனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாத மாதிரி மலையைப் பார்த்தாள். கடுவன் கிர்ர் என்றது, அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அது ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடிப் பந்திக்கு இறங்கிப் போனது. அவள் ஃபோனை எடுத்து மூட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கல்லூரி மாணவிகள் கை தட்டினார்கள். எனக்குத் தட்டக்கூடத் தோன்றவில்லை, வாய் திறந்தபடியே இருந்தது. சக்தி என்றால் கையில் வெளிச்சம் அடிக்கும் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதும் சக்திதான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்றைக்கும் அவளை நினைத்தால் அந்த வியப்பு குறையவில்லை.

"எப்டி?" என்றேன்.

"எங்கம்மா கோட்டைல புல்லு புடுங்கற வேலை செய்றாங்க. காலைல அவங்களோட வந்துட்டு அப்டியே ஸ்கூலுக்கு வருவேன்." அவள் மர்மம் அவ்வளவுதான். யூரியா மூட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். கீழே ஒழுங்காகச் சுடிதார் போட்டிருந்தாள்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நெஞ்சில் யூரியாவுடன் வீட்டு வாசலில் நின்றேன். ஃபோனில் ஒரு மூலையில் பல் தடம். பெல்ட் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். நைனாவோ ஃபோனை வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினார்.

"போவுது வுடு. பக்கத்து வூட்டு ஃபோன்லேர்ந்து கூப்ட்டு அவ்ளோ திட்டிட்டேன். நீ ஒரு வார்த்த எதுத்துப் பேசாம கேட்டுக்கினு இருந்த பாரு, அதுவே போதும்."

அம்மா, "கடைசில அவன் தேம்புனான்டின்னு சொல்லி உங்க நைனாவுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு" என்றாள்.

எனக்கு விஷயம் விளங்கியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து, இன்னும் கொஞ்சம் தேம்பினேன். அனந்தபுரத்து லோடு அழைப்பும் வந்தது. அம்மா எனக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தாள்.

இரண்டாவது முட்டையில் இருந்தபோது வாசலில் தமிழரசி. கையில் நைனாவின் பேன்ட், அல்லது அதில் மிஞ்சியது.

"அங்கிள், இது உங்க பேன்ட்டாம். அப்பறம் அந்த ஃபோன்ல எங்க பல்லு பட்டுச்சுன்னு பாத்துக்கங்க. கொரங்கு எடுத்துப் பேசுச்சு."

நைனா என்னைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்" என்றார்.

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. மறுநாள் சாயங்காலம் பாபுவின் அண்ணன் ஃபோனில் படத்தை எடுத்து முடித்தோம். தமிழரசி கேப்டன். கவசமில்லாத நான் கேமரா பிடித்தேன், மறையும் சக்தி எனக்கு வந்து சேர்ந்தது. போட்டியில் அவளுக்கு நடிப்புக்கான பரிசு கிடைத்தது.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது, பிள்ளைகூட இருக்கிறது. நைனாவுக்குப் போன மாதம் புது ஃபோன் வாங்கிக்கொடுத்தேன். என் நம்பரை என்ன பெயரில் வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'சின்னவன்' என்று இருந்தது. நான் அவருக்கு ஒரே பிள்ளை.

"அப்ப பெரியவன் யாரு நைனா?" என்று கேட்டேன்.

"அவன் கோட்டைல கீறான்" என்றார். "நல்ல புள்ள. எதுத்துப் பேசமாட்டான்."