கல்லறைத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளி

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு காலி நிலம் இருந்தது. காலி என்று பேர்தானே தவிர, அதில் இல்லாத பொருள் கிடையாது. கால் உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, யாரோ நன்கொடையாகக் கொடுத்து யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் போன ஒரு பியானோவின் எலும்புக்கூடு, இவற்றையெல்லாம் மறைத்துக்கொண்டு இடுப்பளவு புல். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீளும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நர்சம்மாவின் கண் அங்கேதான் போகும். பிரசங்கம் எப்போதும் நீளும். ஆகவே அந்த நிலத்தை அவரளவுக்குப் பார்த்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

நர்சம்மா அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளிகளை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்தே காலம் கழித்தவர். இப்போது வீட்டில் எழுப்புவதற்கு ஆள் இல்லை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகிக் கணவனோடு வெளிநாட்டில் இருந்தாள். கை சும்மா இருந்தது. சும்மா இருந்து பழகாத கை.

ஒரு நாள் பூசை முடிந்ததும் பாதிரியாரைப் பிடித்தார்.

"ஃபாதர், பின்னாடி நிலத்துல காய்கறி போடலாமா? தெருவுல பாதி வீட்டுல வயசானவங்க தனியா கிடக்காங்க. ஆளுக்கு ரெண்டு வெண்டைக்காய் கிடைச்சா ஆகாதா?"

"அருமையான காரியம். தாராளமா செய்யுங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"பின்ன யார் சொன்னதா சொல்றது?"

"ஒரு குழு போட்டுடுங்க. குழு சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரியும் இருக்கும், யாருமே சொல்லாத மாதிரியும் இருக்கும்."

குழு என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். அவர் நர்சம்மாவின் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் தகப்பனார். பெரிய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மேலதிகாரியாக இருந்தவர். எந்தத் துறை என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சுற்றறிக்கை விட்டதால் அவருக்குச் 'சர்க்குலர் சார்' என்று பேர் வந்து, அந்தப் பேர் அவரோடு கூடவே ஓய்வு பெற்று வந்துவிட்டது. அவரும் மனைவியை இழந்தவர். இருவர் வீட்டுக்கும் நடுவே நாலு வீடுதான். ஆனாலும் பெண் கொடுத்த இடம் என்பதால் நர்சம்மா அவர் எதிரில் குரலை உயர்த்த மாட்டார். அவரும் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டுமே வந்து எட்டிப் பார்த்து, "பசங்க பேசினாங்களா சம்பந்தியம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதல் கூட்டத்தில் தோட்டத்துக்குப் பெயர் வைப்பது பற்றி விவாதம் நடந்தது. 'அனைத்துத் தரப்பினர் ஒருங்கிணைந்த பசுமை மேம்பாட்டு முன்முயற்சி' என்று தலைவர் முன்மொழிந்தார். குழுவில் இருந்த தையல்காரர் மட்டும், "பலகை எழுதறவனுக்குப் பலகை பத்தாதே சார்" என்றார். பலகையின் நீளத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் மண்வெட்டியைப் பற்றி. மண்வெட்டி வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, எடுத்தால் அது யார் பொறுப்பில் இருக்கும், பொறுப்பில் இருப்பவர் வெளியூர் போனால் பொறுப்பு யாருக்குப் போகும் என்று பேசிப் பேசி, கடைசியில் மண்வெட்டி என்ற சொல்லே கடுமையாக இருக்கிறது என்று பல் டாக்டரின் மனைவி சொன்னார்.

பல் டாக்டரின் மனைவிக்கு மண் மேல் புதிதாகப் பக்தி வந்திருந்தது. சாக்குப்பை மாதிரி இருக்கும், ஆனால் சாக்குப்பை விலைக்குக் கிடைக்காத உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பெரிய தொப்பியோடு வருவார். மண்ணை வெட்டக் கூடாது, மண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. வாரா வாரம் சிலரை அழைத்துவந்து வெறுங்காலோடு வட்டமாக நிற்கவைத்து, கண்ணை மூடி மண்ணின் குரலைக் கேட்கச் சொல்வார். ஒருவர் காலில் எறும்பு கடித்தபோது மண் பேசிவிட்டதாக எல்லாரும் கைதட்டினார்கள்.

இவர்கள் வட்டமாக நின்ற இடத்துக்குப் பின்னால் நர்சம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய மண்வெட்டியைக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டித் தீர்மானம் நிறைவேறுவதற்குள் வெண்டை பூத்துவிட்டது, சர்க்கரைவள்ளிக் கொடி பியானோ மேல் ஏறிவிட்டது.

இது தலைவருக்குப் பெரிய சங்கடத்தைக் கொடுத்தது. அனுமதி இல்லாமல் எதுவும் முளைத்து அவர் பார்த்ததில்லை.

"சம்பந்தியம்மா, மனசே கேக்கல. நான் போய் நில ஆவண அலுவலகத்துல ஒரு தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடறேன்."

"யாரும் தடை சொல்லலியே அண்ணே?"

"அதைத்தான் எழுதி வாங்கப் போறேன்."

கேட்காதவரை அந்த நிலம் ஒன்று இருப்பதே அலுவலகத்துக்குத் தெரியாது. கேட்டதும் தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே நர்சம்மாவையும் சேர்த்து விசாரணைக்கு அழைத்தார்கள். பிரிவு அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவைப் பார்த்தார்.

"இந்த இடத்துல தோட்டம் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"எங்க பதிவுலயும் தோட்டம்னுதான் இருக்கு."

"அப்ப சரியாப் போச்சே!" என்றார் நர்சம்மா.

"அதுக்கு முன்னாடி ஒரு சொல் இருக்கும்மா. கல்லறைத் தோட்டம்."

பழைய கல்லறைத் தோட்டம் நிரம்பினால் இருக்கட்டும் என்று யாரோ ஒரு முன்னாள் பாதிரியார் வாங்கிப்போட்ட நிலம் அது. வாங்கியவர் போய்விட்டார், வாங்கிய காரணமும் அவரோடு போய்விட்டது.

"சரி சார், கல்லறை ஒண்ணும் இல்லியே அங்க. கிழங்குதான் இருக்கு."

"கிழங்கை எப்படி வெச்சீங்க?"

"நட்டோம்."

"நட்டோம்னா? மண்ணைத் தோண்டினீங்களா?"

"தோண்டினோம்."

"உள்ளே வெச்சு மூடினீங்களா?"

"மூடினோம்."

"அதுக்குப் பேர் புதைக்கிறது. கல்லறை நிலத்துல புதைச்ச எதையும் முன் அனுமதி இல்லாம வெளியே எடுக்கக் கூடாது. போலீஸ் வரணும், அரசு மருத்துவர் வரணும், நான் வரணும்."

"சார், அது சர்க்கரைவள்ளிக்கிழங்கு!"

"விதியில 'எதையும்'னு இருக்கும்மா. கிழங்கு நீங்கலாகன்னு இல்ல."

நர்சம்மா சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். சர்க்குலர் சார் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. நல்ல சங்கீதம் கேட்பவர் முகம்.

அனுமதி வருவதற்குள் கிழங்கு அழுகிவிடும் என்று நர்சம்மா பயந்தார். கொடி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தினமும் அலுவலகத்துக்குப் போய்ப் பிரிவு அலுவலரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். வார்டில் அடம்பிடிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அனுமதி சீக்கிரமே வந்தது.

தோண்டி எடுக்கும் நாளில் நிலத்தைச் சுற்றித் துணித் திரை கட்டினார்கள். ஒரு கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அரசு மருத்துவர் வந்தார். அவர் நர்சம்மாவிடம் வேலை கற்றவர், அதனால் வந்ததும், "சிஸ்டர், நீங்களா!" என்று நடுங்கினார். முதல் கிழங்கு வெளியே வந்தபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"டாக்டர், எழுதுங்க" என்றார் பிரிவு அலுவலர். "உடலின் நிலை?"

"நல்லா இருக்கு."

"மரணத்துக்கான காரணம்?"

மருத்துவர் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா கண்ணாலேயே ஏதோ சொன்னார். மருத்துவர், 'மரணம் இனிமேல்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலையில் எல்லாருமாகச் சேர்ந்து வேகவைத்துச் சாப்பிட்டார்கள். பிரிவு அலுவலர் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, தடயம் என்றார்.

ஒவ்வொரு அறுவடைக்கும் இப்படித் திரை கட்ட முடியாது. நில ஆவணத்தையே மாற்ற வேண்டும் என்று முடிவானது. அங்கேதான் சர்க்குலர் சார் உயிர்த்தெழுந்தார். பழைய டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். காலையில் ஒரு அலுவலகம், பகலில் ஒரு அலுவலகம். அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. பதிவில் தோட்டம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் இருக்கும் 'கல்லறை'யை மட்டும் அடித்துவிட வேண்டும். ஒரு சொல்லை எழுத ஒரு குமாஸ்தா போதும். அடிக்க ஒரு அரசாங்கமே வேண்டியிருந்தது. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தபோது உத்தரவும் வந்தது.

அலைச்சலுக்கு நடுவே அவர் தோட்டத்துக்கும் வரத் தொடங்கியிருந்தார். முதலில் ஷூவோடு வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். பிறகு ஒரு நாள் களை பிடுங்கியபோது வெண்டையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். நர்சம்மா, அவர் சம்பந்தி என்பதை மறந்து, "கையை எடுங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சர்க்குலர் சார் கோபித்துக்கொள்ளவில்லை. மண் ஒட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் எவ்வளவோ சர்க்குலர் அனுப்பினேன் சம்பந்தியம்மா. ஒண்ணாவது முளைச்சுப் பார்த்ததில்ல" என்றார். அதற்கப்புறம் அவர் தொலைபேசி வராத நாளிலும் வந்து எட்டிப் பார்த்தார். நர்சம்மாவும் வழக்கமாக ஒரு டம்ளர் காபி கூடுதலாகப் போட்டார்.

அந்தக் கோடையிலேயே, ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடி தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நர்சம்மாதான் நாடி பிடித்துப் பார்த்தார். எத்தனையோ பேருக்குப் பிடித்த கை, அன்றைக்குக் கொஞ்ச நேரம் விடவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் விமானத்தில் கிளம்பிவிட்டார்கள். பாதிரியார் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே ஒரு சாண் இடம் இல்லை.

"பின்னாடி நிலம்தான் ஃபாதர்" என்றார் நர்சம்மா.

"அது இப்போ..."

"தெரியும். கிளம்புங்க."

பிரிவு அலுவலர் உண்மையிலேயே வருந்தினார். சர்க்குலர் சாரைப்போல் விதி தெரிந்தவரை அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிலம் இப்போது தோட்டம். கல்லறையை அடித்தாகிவிட்டது. அடித்தவரே இறந்தவர்தான்.

"தோட்டத்துல புதைக்க முடியாதும்மா. நடலாம்."

நர்சம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி சார். நடறோம். எழுதிக்குங்க."

அலுவலர் பேனாவைத் திறந்தார். "என்ன பயிர்?"

"சம்பந்தி."

"அறுவடை எப்போ?"

இப்போது பாதிரியார் தொண்டையைச் செருமினார். "கடைசி நாள்ல, எல்லாரும் எழும்பும்போது."

"தேதி வேணும் ஃபாதர்."

"அந்தத் தேதி ஆண்டவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அப்படின்னா அவர்கிட்டேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க."

பாதிரியார் அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நர்சம்மா மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"மாமரம், தென்னைக்கெல்லாம் தேதி கேப்பீங்களா சார்?"

"அது நீண்டகாலப் பயிர். அதுக்குத் தேவையில்ல."

"இதுவும் அதான்."

அலுவலர் முகத்தில் நிம்மதி பரவியது. 'நீண்டகாலப் பயிர்' என்று எழுதி முத்திரை குத்தினார். மறுநாள் சாயங்காலம் சர்க்கரைவள்ளிக் கொடியை அறுக்காமல் பக்குவமாக ஒதுக்கிவிட்டு, சர்க்குலர் சாரை முறைப்படி நட்டார்கள். மகள் தோளில் சாய்ந்து நர்சம்மா முதல்முறையாக அழுதார்.

அதன்பிறகு குழுவுக்குத் தலைவர் நர்சம்மாதான். வேலை அதிகமாகிவிட்டது. விஷயம் ஊரில் பரவி, ஒவ்வொருவராகத் தனியாக வந்து காதோடு காதாகக் கேட்கிறார்கள். தையல்காரருக்குக் குழாய்ப் பக்கம் இடம் வேண்டும், வெயில் ஆகாது. பல் டாக்டரின் மனைவி எலுமிச்சை மரத்தடியைக் கேட்கிறார், பக்கத்தில் யாரும் ரசாயன உரம் போடக் கூடாது என்பது நிபந்தனை. பாதிரியார்கூட ஒரு நாள் பேச்சுவாக்கில் சுவரோரத்தைக் காட்டி, தான் கேட்டதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

போன வாரம் பிரிவு அலுவலரே வந்தார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கத்தரிப் பாத்தியைப் பாராட்டிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, எனக்கும் இங்க ஒரு பாத்தி கிடைக்குமா?"

"விண்ணப்பம் எழுதிக் குடுங்க சார். குழு கூடி முடிவு பண்ணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

நர்சம்மா கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"உங்களுக்கு என்ன சார் அவசரம்?"