மேடையில் நீட்டப்பட இருந்த கை

நாமக்கல்

மரியாதைக்குரிய மச்சான் ஹஜ்ரத் அவர்களுக்கு, கமாலுதீன் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கையும் மகள் நஃபீஸாவும் சுகம். ஆத்தூரில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் கடிதத்தை முழுதாகப் படிக்கவும்.

எருமப்பட்டியில் பூபதி என்பவரின் கோழிப்பண்ணையில் நஃபீஸா டாக்டராக இருப்பது உங்களுக்குத் தெரியும். கோடையில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தபோது இவள்தான் பண்ணையைக் காப்பாற்றினாள். அதற்காக அவருடைய புதுத் தீவன ஆலைத் திறப்பு விழாவில் மேடையேற்றி, கேடயம் கொடுத்து, தலைமை டாக்டர் என்று அறிவிக்கப்போவதாகச் சொன்னார்கள். உங்கள் தங்கை பாயசம் வைத்தாள். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. கேடயம் கொடுக்கிறவர் கையும் கொடுப்பாரே? அந்நிய ஆணின் கையை இவள் தொடமாட்டாள். ஊரே பார்க்க முதலாளியின் கை அந்தரத்தில் நின்றால் அவர் முகம் என்னாவது, இவள் வேலை என்னாவது? போனில் கேட்டதற்கு நீங்கள், "நெஞ்சில் கை வைத்து நல்ல வார்த்தை சொல்லட்டும். நாணமும் ஈமானில் சேர்ந்தது, அடுத்தவர் மனம் நோகாமல் நடப்பதும் மார்க்கம்தான்" என்றீர்கள். உங்களுக்கென்ன, பள்ளிவாசலுக்குள் இருந்து சொல்லிவிட்டீர்கள். நான் அல்லவா நாமக்கல்லில் இருக்கிறேன்.

"வலது கையில கட்டுப் போட்டுக்கிட்டுப் போயிரு" என்று மகளுக்கு யோசனை சொன்னேன். "நாணத்தக் காப்பாத்தப் பொய் சொல்லணுமா அத்தா?" என்றாள். "அப்ப ரெண்டு கையிலயும் பூச்செண்டப் புடிச்சுக்க" என்றேன். "கேடயத்த எதுல வாங்கறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

வேறு வழியில்லாமல் அவளுக்குத் தெரியாமல் எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். பூபதியின் மனைவி பெருமாயி அம்மாள் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். எதிரே பூபதி, பண்ணை மேஸ்திரி மணிமாறனின் கையைப் பிடித்துக் குலுக்குவதும் விடுவதுமாக இருந்தார். மணிமாறன் வலியில் நெளிந்துகொண்டிருந்தார். நான் மழை, முட்டை விலை என்று சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்குவதற்குள் பூபதியே முந்திக்கொண்டார்.

"பாய், ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்கப்படாது. எம்பையன் கோயமுத்தூர்ல படிச்சுப்போட்டு வந்து, டாக்டருன்னா பொம்பளப்புள்ளையா இருந்தாலும் மேடையில கை குடுத்தாத்தான் மருவாதைங்கறான். அதான் பழகிட்டிருக்கறேன். அடுத்த ஊட்டுப் புள்ளை கையத் தொடோணும்னு நெனைச்சாலே வேத்து ஊத்துதுங்க. கை குடுக்காட்டி பாப்பா கோவிச்சுக்குமுங்களா?"

"எங்கூட்டுக்காரரு கண்ணாலத்தன்னைக்கு எஞ்சுண்டு வெரலப் புடிச்சாருங்க. அதுக்கப்பறம் நாலு பேரு முன்னால தொட்டதே இல்லீங்க" என்றார் பெருமாயி அம்மாள்.

மச்சான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "கோவிச்சுக்க மாட்டா. நான் எடுத்துச் சொல்லிக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

விழாவில் பூபதி இரண்டு கையாலும் கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். நஃபீஸா நெஞ்சில் கை வைத்து, "உங்க பண்ணை நல்லாயிருக்கணுங்க" என்றாள். ஊரே கை தட்டியது. கீழே வந்தவளிடம் என் எருமப்பட்டிப் பயணத்தைச் சொன்னேன். "நான் வேலைக்குச் சேந்ததுல இருந்தே அவரு கும்புடத்தான் செய்யறாரு. நீங்க கேக்கவே இல்லையே அத்தா" என்றாள்.

அது போகட்டும். பல மதத்தார் நடுவே வாழும்போது நாணத்தையும் விடக்கூடாது, மனிதரையும் நோகடிக்கக்கூடாது. நம் குடும்பத்தில் அதை முன்னால் நின்று காப்பாற்றியவன் நான். ஜும்ஆ தொழுகையில் நீங்கள் பேசும் பயானில் இதை உதாரணமாகச் சொல்வதானால் என் பெயரையும் சொல்லலாம், ஆட்சேபணை இல்லை. வீட்டில் அனைவருக்கும் ஸலாம்.

உங்கள் துஆவை நாடும்,
கமாலுதீன்

பின்குறிப்பு: பயானில் சொல்ல வேண்டாம். விழாவுக்கு வந்திருந்த வங்கி மேலாளர் சௌந்தர்யா அம்மா மேடையிலிருந்து இறங்கி, "இந்தப் பொண்ணோட அப்பா யாருங்க?" என்று கேட்டுக் கையை நீட்டினார். பெருமையில் பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும். விடவும் மறந்துவிட்டேன். இன்றைய பேப்பரில் நஃபீஸாவின் படம் இல்லை, எங்கள் படம்தான் இருக்கிறது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியும், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்துவிட்டேன். உங்கள் தங்கை இன்னும் பேப்பர் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும். நஃபீஸாவிடம் கேட்டால், "நீங்க கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே அத்தா" என்கிறாள்.