ஆலோசகரிடம் நான் நிகழ்த்திய உபந்யாசம்

அழுக்காறு ஆகாது என்று ஊருக்கெல்லாம் உரை சொன்ன நான், எழுபதாவது வயதில், என் மருமகளைவிட இளைய ஒரு பெண்ணைக் கண்டு வெந்து நீறானேன். பெருமாள் மன்னிப்பாராக.

தன் தங்கையை இழந்த பிறகு என் மனைவி ராஜம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "ஏன்னா, மனசு பாரமா இருக்கு" என்பாள். உடனே நான் ஒரு பாசுரத்தை எடுத்து, பதவுரை, விளக்கவுரை, உட்பொருள் என்று மூன்றடுக்காகப் பரிமாறுவேன். அவள் எழுந்து போய்ப் பால் காய்ச்சுவாள். (சில நாள்களில் ஒரே பால் நாலு தடவை காய்ந்திருக்கிறது.) பிறகு மருமகளின் யோசனைப்படி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் வியாழன்தோறும் போகத் தொடங்கினாள். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு அப்படி என்னதான் சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலை. கேட்டுண்டிருந்தா."

ஒன்றுமே சொல்லாமல் ஒருத்தி என் மனைவியை ஆற்றுவதா! எத்தனையோ பாசுரங்களை நெட்டுருச் செய்த என் நாவுக்கு இது அடுக்குமா?

கோவிலில் பாராயணம் என்று வீட்டில் பொய் சொல்லி (பெருமாளையே பொய்ச்சாட்சி ஆக்கினேன்), வேறொரு பெயரில் நானும் அவளிடம் நேரம் வாங்கினேன். கிடைத்தது ராஜத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம். அரை மணியில் அவளுடைய வித்தையைக் கண்டறிந்து நழுவிவிடுவது திட்டம்.

ஆலோசகர் ஷாஹினா ராயப்பேட்டைப் பெண். "சொல்லுங்க ஐயா, மனசுல என்ன இருக்கு?" என்றாள். என்னிடம் அப்படிக் கேட்கலாமா? சோபாவில் சப்பணமிட்டு அமர்ந்து, பெருமாளைப் பிரிந்த நாயகி புலம்பும் பாசுரம் ஒன்றைத் தொடங்கினேன். எதிரில் இருப்பவர் கண்ணெடுக்காமல் கேட்டால் எந்த உபந்யாசகன் நிறுத்துவான்? மங்களம் பாடி முடித்தபோது ஐம்பது நிமிடம் ஓடியிருந்தது.

"பாட்டுல அந்தம்மா படற வேதனை புரியுது ஐயா," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு என்ன ஆச்சு?"

அடுத்த பாசுரத்தைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"ராஜம் என்கிட்ட பேசறதில்லைம்மா. உன்கிட்டதான் பேசறா" என்று உளறி, அங்கவஸ்திரத்தில் முகம் புதைத்து ஓவென்று அழுதேன்.

ஷாஹினா தண்ணீர் கொடுத்தாள். நான் யாரென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "வீட்ல ரெண்டு பேரையும் நானே பாக்கக் கூடாது ஐயா. உங்களை வேற ஒருத்தர்கிட்ட அனுப்பறேன்" என்றாள். (ஒரே உபந்யாசத்தில் சபையைவிட்டே வெளியேற்றம்!)

கதவைத் திறந்தால், எதிர் நாற்காலியில் ராஜம்.

"ஏன்னா, பாராயணத்தை இங்க மாத்திட்டாளா?"

பதிலுக்கு எனக்கு விசும்பல்தான் வந்தது. அவள், "இன்னிக்கு வேண்டாம்மா" என்று ஷாஹினாவிடம் சொல்லிவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றினாள். மந்தைவெளி தாண்டும்போது தானாகவே பேசினாள். "தங்கை போன அன்னிக்கு, அவ எனக்கு நாலு தடவை போன் பண்ணினா. நான் அப்பளம் இட்டுண்டிருந்தேன். எடுக்கலை."

நாக்கின் நுனியில் ஒரு பாசுரம் துடித்தது. விழுங்கினேன். "அப்புறம்?" என்றேன். நான் நிகழ்த்தியவற்றில் மிகச் சுருக்கமான உரை அதுதான். அவள் வீடு வரும்வரை பேசினாள்.

நடந்ததை வீட்டில் ஒப்புக்கொண்டது முதல், நான் பாசுரத்தைத் தொடங்கினாலே, மருமகள் அடுக்களையிலிருந்து, "பாட்டு புரியறதுப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். வீடே சிரிக்கிறது. ராஜம் இன்னும் வியாழன்தோறும் போகிறாள். வந்து எனக்கும் சொல்கிறாள். ஆனாலும் முதலில் கேட்பவள் அந்தப் பெண்தானே! அதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.