வடிகால் வயர்

தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் வரிசை. லிஃப்ட் ஓடவில்லை. ஓடாத லிஃப்டைச் சரிசெய்ய அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. லேப்டாப்புக்குள் புகுந்த ஆவியை விரட்ட மட்டும் ஆள் இருந்தார். அவரைப் பார்க்கத்தான் நாங்கள் அத்தனை பேரும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தோம்.

ஆவி என்றதும் வெள்ளை உடை, விரித்த கூந்தல் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். இது டிரைவரின் ஆவி. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவரும் அல்ல. கணினியில் படம் காட்டுவதற்கென்றே கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு பாகம் உண்டு. அந்தக் கார்டை வேலை வாங்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அவ்வப்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். விஷயம் அவ்வளவுதான். விஷயம் அவ்வளவுதான் என்றால் யார் மூன்று மாடி ஏறி வருவார்கள்?

"பழைய டிரைவர நீக்கிட்டோம்னு நீங்க நினைக்கிறீங்க. அது போயிருக்காது," என்பார் கார்டு வைத்தியர். கண்களைப் பாதி மூடிக்கொண்டுதான் சொல்வார். "அதோட ஆவி கார்டுக்குள்ளயே உக்காந்திருக்கும். புதுசா வந்தவன வேலை செய்ய விடாது. அதனாலதான் உங்க லேப்டாப் சில நேரம் பறக்குது, சில நேரம் இழுக்குது. ஆவின்னா அப்படித்தான். வரும், போகும்."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏனென்றால் எல்லாருடைய லேப்டாப்பும் சில நேரம் பறந்தது, சில நேரம் இழுத்தது. நம் வீட்டு ரகசியம் இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது! போன வருடம் வரை இதே அறையில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவர். உறை விற்றபோது அவருக்கு ஞானம் இல்லை. இப்போது வாசலில் 'கார்டு தூய்மை நிலையம்' என்று பலகை மாட்டியதும் வந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். எனக்கு முன்னால் நின்றவர் கல்லூரிப் பேராசிரியர். எந்தப் பாடம் என்று கேட்டேன். இயற்பியல் என்றார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

சரி, நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். மின்சார சுவிட்ச் தயாரிக்கும் தொழிற்சாலையில் பரிசோதகன். ஒரு நாளைக்கு நானூறு சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பது என் வேலை. போட்டால் விளக்கு எரிகிறதா, அணைத்தால் அணைகிறதா என்று பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். இந்த அனுபவம் எனக்குத் துளியும் உதவவில்லை என்பதைக் கதை போகப் போகப் புரிந்துகொள்வீர்கள்.

லேப்டாப் என் மனைவியுடையது. இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அவள் தொழில். திரையில் வாசல் திறக்கும், நடையில் நடப்போம், படியேறுவோம், ஜன்னல் வழியாக வெளிச்சம் விழும். நான்கு மாதத்துக்கு முன் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு இதைச் சொந்தமாகச் செய்யத் துணிந்தாள். முதல் பெரிய வேலை ஒரு பள்ளிக்கூடம். போன வாரம் பள்ளி நிர்வாகிகள் முன்னால் லேப்டாப்பைத் திறந்தாள். வாசல் பாதி திறந்து நின்றது. அப்புறம் மீதி திறந்தது. படியில் ஒவ்வொரு படியாக விக்கி விக்கி ஏறியது. செயலாளர் கொட்டாவி விட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்னொரு தடவை காட்டுங்கள், அப்போதும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்துப் போட்டுப் பார்த்தால் தங்கு தடையில்லாமல் ஓடுகிறது! அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளே அவளிடம் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். அன்பு இருந்த அளவுக்கு அறிவு இல்லை.

நிலையத்தின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. பக்கத்தில் ஒரு பெண் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள்.

"சார்ஜர கூடைல போட்டுட்டு டோக்கன் வாங்கிக்கங்க. சார்ஜரோட உள்ள வரக்கூடாது."

"ஏம்மா?"

"ஆவி அத வழியா வெச்சுக்கிட்டுத் தப்பிச்சிரும்."

சரிதானே என்று எனக்கும் பட்டது. போட்டேன்.

உள்ளே வைத்தியர் லேப்டாப்பில் ஒரு சோதனையை ஓடவிட்டார். நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்று எண்ணிச் சொல்லும் சோதனை. எண் கூடக் கூட ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் லேப்டாப் பத்தொன்பது காட்டியது. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு லேப்டாப்பைக் கறுப்புத் துணியால் மூடினார். ஒரு பென் டிரைவை எடுத்து மூன்று தடவை சுற்றினார். "வெளியேறு, பழையவனே," என்று அதட்டினார். கடைசியாக, சிவப்பு நாடா சுற்றிய ஒரு தடித்த வயரை எடுத்து ஒரு முனையை லேப்டாப்பிலும் இன்னொரு முனையைச் சுவரிலும் சொருகினார்.

"பழைய டிரைவர எடுத்துட்டுப் புதுசு போட்டாச்சு. இதுதான் வடிகால் வயர். ஆவி இது வழியா வடிஞ்சு சுவத்துக்குள்ள போயிரும்."

துணியை உருவினார். எண் ஐம்பத்தேழு!

கூட்டம் கை தட்டியது. பேராசிரியர் கண் கலங்கினார். கட்டணம் கிடையாது, அன்பளிப்பு மட்டும் என்றார்கள். எவ்வளவு அன்பு என்பதைச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தை ஓடவிட்டாள். வெண்ணெயாக வழுக்கியது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இரண்டாவது மாடி வரை போயிருப்பாள், மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி நின்றது. திரையில் படி விக்க ஆரம்பித்தது.

"ஐயோ, ஆவி திரும்ப வந்துருச்சு!" என்றேன்.

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. விக்கல் நின்றது. அவள் மின்விசிறியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வையில்தான் ஏதோ இருந்தது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மறுபடியும் லேப்டாப்போடு கிளம்பிவிட்டேன். மூன்று மணிக்குள் ஆவியை நிரந்தரமாக ஒழித்துவிட வேண்டும் அல்லவா? வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது முரட்டு ஆவி சார். இதுக்கு மருந்து கிடையாது. இத இங்கயே விட்டுட்டுப் போங்க. நான் சுத்தம் பண்ணி வெச்ச வேற லேப்டாப் ஒண்ணு இருக்கு. அத எடுத்துக்கங்க. மேல கொஞ்சம் அன்பளிப்பு சேர்த்துக் குடுத்தா போதும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏங்க, போன தடவை அவர் சார்ஜர வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாரா?"

"ஆமா."

"துணிய எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது வயர் சொருகுனாரா?"

"வடிகால் வயர். ஏன்?"

"லேப்டாப்ப கீழ வெக்காதீங்க. யார் கேட்டாலும் குடுக்காதீங்க. கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நில்லுங்க. வர்றேன்."

அரைமணி நேரம் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமுடி ஈரம் காயாமல், கையில் பையோடு படியேறி வந்தாள். கூடைக்காரப் பெண் டோக்கனை நீட்டினாள். அதை வாங்காமல் நேரே உள்ளே போனாள்.

அப்போது உள்ளே ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரின் முறை. அவர் லேப்டாப் மேஜையில் இருந்தது. சோதனை இருபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. வைத்தியர் கறுப்புத் துணியை உதறினார்.

"ஒரு நிமிஷம் சார். இவரோட லேப்டாப்புக்கு நீங்க இன்னும் எதுவும் செய்யலதானே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இனிமேதான் ஆரம்பிக்கணும்."

"துணி போடல, பென் டிரைவ் சுத்தல, திட்டல?"

"அதான் இல்லன்னு சொல்றனே."

"நல்லது." ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கூடைலருந்து உங்க சார்ஜர எடுத்துட்டு வாங்க."

வைத்தியர் தடுப்பதற்குள் அவர் எடுத்து வந்துவிட்டார். அவள் சொருகினாள். எல்லாருடைய கண்ணும் திரைமேல். இருபத்தொன்று, முப்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, அறுபது.

ஸ்டுடியோக்காரர் தன் சார்ஜரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆவி போயிருச்சு," என்றாள். "யாரும் விரட்டல. அதுவாவே போயிருச்சு. நல்ல ஆவி போல."

"அம்மாவுக்கு நம்பிக்கை இல்ல," என்று வைத்தியர் குரலை உயர்த்தினார். "நம்பிக்கை இல்லாதவங்க இருக்கற எடத்துல இதெல்லாம் வேலை செய்யாது!"

"லேப்டாப்புக்கு நம்பிக்கை வேணாம் சார். கரண்ட் போதும்."

வடிகால் வயரை எடுத்துச் சிவப்பு நாடாவை உரித்தாள். உள்ளிருந்து வந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண லேப்டாப் சார்ஜர். அதை எங்கள் லேப்டாப்பில் சொருகிச் சோதனையை ஓடவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, சுவிட்ச போட்டு அணைக்கறது உங்க உத்தியோகம்தானே? செய்யுங்க."

பன்னிரண்டு வருட அனுபவத்தோடு சுவரிடம் போனேன். அணைத்தேன். எண் பத்தொன்பதுக்கு இறங்கியது. போட்டேன். ஐம்பத்தேழு. அணைத்தேன்.

"வந்துருச்சு," என்றார் கூட்டத்தில் ஒருவர், தன்னை மறந்து.

போட்டேன்.

"போயிருச்சு!"

ஐந்தாவது தடவை அணைத்தபோது வரிசை மொத்தமும் சேர்ந்து கத்தியது: "வந்துருச்சு!" அப்புறம் ஒரே சிரிப்பு. என் முகம் எரிந்தது. நானூறு சுவிட்ச்! ஒரு நாளைக்கு நானூறு! அன்றைக்கும் வந்திருந்த பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பேட்டரில ஓடும்போது அந்தக் கார்டு கேக்கற அளவு கரண்ட பேட்டரியால குடுக்க முடியாது," என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். "அதனால லேப்டாப் தானாவே வேகத்தக் குறைச்சுக்கும். பெட்டியோட வந்த புத்தகத்துலயே எழுதியிருக்கு. இன்னொண்ணும் பாருங்க. சார் பழைய டிரைவர எடுத்துட்டுப் புதுசு போட்டதா சொன்னாராம். இதோ டிரைவரோட தேதி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நானே போட்டது. அவர் தொடவே இல்ல."

ஸ்டுடியோக்காரர் வைத்தியரின் சட்டையைப் பார்த்து நகர்ந்தார். "மூணு தடவை வந்திருக்கேன்யா. மூணு தடவையும் அன்பு காட்டியிருக்கேன்!"

"கொஞ்சம் தலை சுத்துது. காத்து வாங்கிட்டு வந்துடறேன்," என்று வைத்தியர் வாசலுக்குப் போனார். காற்று வாங்க அவர் மூன்று மாடியையும் நான்கு நான்கு படியாகத் தாண்டி இறங்கியதைக் கூடைக்காரப் பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள். கூடைமேல் கூட்டம் விழுந்தது. ஆளுக்கொரு சார்ஜர் கிடைத்தது. அவரவர் சார்ஜர்தானா என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்குப் பள்ளி நிர்வாகிகள் முன் அவள் கேட்ட முதல் கேள்வி, "ப்ளக் எங்க இருக்கு?" என்பதுதான். வாசல் ஒரே வீச்சில் திறந்தது. செயலாளர் கொட்டாவி விடவில்லை. வகுப்பறை ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்க முடியுமா என்று கேட்டார். வேலை அவளுக்கே கிடைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நம் ஜனங்களை அறியாதவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தோம். எங்கள் வீட்டுப் படிகளில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி. பேராசிரியர் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் லேப்டாப்பையும் சார்ஜரையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"நாங்களும் வீட்டுல சொருகிப் பாத்தோம்மா. வேகமாத்தான் ஓடுது. இருந்தாலும் ஒரு தடவை உங்க கையால சொருகிக் குடுத்துட்டீங்கன்னா மனசுக்குத் திருப்தியா இருக்கும். உங்களுக்கு ராசியான கை."

அவள் அந்தச் சார்ஜரை வாங்கி, அதைத் திரும்ப அவர் கையிலேயே வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"சார், பேட்டரில ஓடுற லேப்டாப்புக்கு வேகம் குறையறது இயற்கை. அது இயந்திரம், மன்னிச்சிரலாம். உங்க தலை எதுல ஓடுதுன்னு முதல்ல பாருங்க. அதுக்கு நான் வயர் சொருக முடியாது."

கதவைச் சாத்தினாள்.